நாற்பது டிக்கெட்

கேள்வி (நான்கு பக்கக் கடிதம், சுருக்கித் தந்திருக்கிறோம்):

அன்புள்ள அம்மா, எனக்கு வயது 27. மென்பொருள் வேலையை விட்டுவிட்டு ஒரு காதல் படத்தில் கதாநாயகனாக நடித்தேன். கதாநாயகியும் புதுமுகம்தான், இயக்குநருக்கும் அதுவே முதல் படம். இரண்டு ஆண்டு உழைப்பு. ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. அடுத்த வியாழனுக்குள் எல்லாத் தியேட்டர்களிலும் எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் ‘ஒரு தலை ராகம்’ போல மெல்ல மெல்லப் பிடித்திருக்கும். வளையல் கடையில் இருந்த பாண்டியன் ‘மண்வாசனை’யில் நாயகனாகவில்லையா? அருப்புக்கோட்டையில் தையற்கடை வைத்திருக்கும் என் அப்பா, “போதும், பழைய வேலைக்கே போ” என்று சொல்லிவிட்டார். அவருக்கு சினிமாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. (முதல் நாள் பகல் காட்சிக்கு 40 டிக்கெட் எடுத்துத் தெருவில் எல்லோருக்கும் கொடுத்தாராம், கவுண்டரில் இருந்தவர் பிறகு சொன்னார். நான் அன்று படக்குழுவோடு சென்னையில் இருந்தேன்.) இரண்டு மாதமாக அவரிடம் பேசவில்லை. பழைய அலுவலகத்தில் திரும்பக் கூப்பிடுகிறார்கள். இன்னும் இரண்டு ஆண்டு முயலட்டுமா? அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்:

தம்பி, என் கடைசி மகனைவிட நீ இளையவன். அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

முதல் படம் ஓடாதவர்களின் கடிதங்கள் எனக்கு நிறையவே வருகின்றன. எல்லாவற்றிலும் அந்த ‘இன்னும் ஒரு வாரம்’ இருக்கும். 1980இல் ‘ஒரு தலை ராகம்’ முதல் சில நாள் காற்று வாங்கியது, பார்த்தவர்கள் சொல்லச் சொல்லத்தான் கூட்டம் சேர்ந்தது. அது உண்மை. ஆனால் வைத்துப் பார்க்கும் பொறுமை அன்று தியேட்டர்காரருக்கு இருந்தது. இப்போது தமிழில் ஆண்டுக்கு 200க்கு மேல் படங்கள் வருகின்றன, வாரத்துக்கு நான்கு. பெரிய பெயர் இல்லாத படத்தின் கதி ஞாயிறு இரவே தெரிந்துவிடும். உன் படத்துக்கும் அதுதான் நடந்தது. அதைப் பற்றி நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை.

நான்கு பக்கத்தில் பின்னணி இசை சரியில்லாததை எழுதியிருக்கிறாய். போஸ்டரில் உன் முகம் சிறிதாக வந்ததை அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அப்பா 40 டிக்கெட் எடுத்ததை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டாய்.

நான் அதைத் திறக்கிறேன். உங்கள் ஊரில் டிக்கெட் 120 ரூபாய் என்று வைத்துக்கொள். 4,800 ஆகிறது. ஒரு ரவிக்கைக்கு உன் அப்பா 150 வாங்குவார் என்றால் 32 ரவிக்கை. அளந்து, வெட்டி, தைத்து, கொக்கி வைத்து, ஓரம் அடித்து, 32.

ஏன் இத்தனை டிக்கெட் என்று ஒரு நிமிடமாவது யோசித்தாயா? எனக்கு உடனே விளங்கியது. போன ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை பகல் காட்சிக்குப் போயிருந்தேன், புதுமுகங்கள் நடித்த சின்னப் படம். என்னையும் சேர்த்து ஐந்து பேர். கவுண்டரில் இருந்தவர் தலையை நீட்டி, “பத்துப் பேர் சேர்ந்தால் படம் போடுவோம், இல்லையென்றால் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். அரை மணி நேரம் காத்திருந்தோம். ஆறாவது ஆள் வரவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தேன்.

ஆள் இல்லையென்றால் காட்சி இல்லை. இது உன் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. சொந்த ஊரில், முதல் நாளே, மகனுடைய படத்தை ஆள் வரவில்லை என்று நிறுத்திவிட்டால் ஊர் என்ன பேசும் என்பதும் தெரிந்திருக்கிறது. வேலை நாள் பகல் காட்சிதான் காலியாகக் கிடக்கும் என்று பார்த்து அந்தக் காட்சிக்கே எடுத்திருக்கிறார். சினிமாவைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் செய்கிற காரியமா இது? உங்கள் குழுவில் எத்தனை பேர் கைக்காசு போட்டு டிக்கெட் எடுத்தார்கள்? நீ எத்தனை எடுத்தாய்?

கடிதத்தின் அடியில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். படத்துக்காக வைத்துக்கொண்ட பெயர். இனிஷியல் இல்லை. திரையிலும் அப்படித்தான் வந்திருக்கும். தெருவே உட்கார்ந்து பார்த்த படத்தில், டிக்கெட் எடுத்துக் கொடுத்தவருடைய ஓர் எழுத்துக்கூட இல்லை. பெயர் மாற்றுவது அந்தத் தொழிலில் வழக்கம் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் எனக்குப் பிடிக்கவில்லை. என்னைப் பழைய காலத்து மனுஷி என்று நினைத்துக்கொள்.

அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்கிறாய். திமிரான கேள்வி. புரியாதவன் நீ. பெற்றவர்கள் பிள்ளைக்குச் செலவழித்ததைக் கணக்கு வைக்க மாட்டார்கள். அதைச் சாக்காக வைத்துப் பிள்ளையும் கணக்கு வைக்காமல் இருந்தால் அதை நான் மன்னிப்பதில்லை. “வேலைக்குப் போ” என்று ஒரு வார்த்தை சொன்னதற்காக இரண்டு மாதம் மௌனமா? அந்த வார்த்தையை அவர் படத்துக்கு முன்னால் சொல்லவில்லை என்பதையாவது கவனித்தாயா? ஓடி முடியும்வரை வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

பாண்டியனை உதாரணம் காட்டியிருக்கிறாய். மதுரை மீனாட்சி அம்மன் கோவில் பக்கம் வளையல் விற்றுக்கொண்டிருந்தவரைப் பார்த்துத்தான் பாரதிராஜா 1983இல் நாயகனாக்கினார். அந்தக் கதையில் உனக்கு இயக்குநர் வந்து நின்றது மட்டும் தெரிகிறது. எனக்கு அவர் கடையில் இருந்தது தெரிகிறது. விஜய் சேதுபதியும் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவுக்குள் கணக்கெழுதத்தான் முதலில் போனார். அலுவலகத்தில் கூப்பிடுகிறார்கள் என்றால் போய்ச் சேர். நடிப்பதை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன, ஆடிஷனுக்குப் போ, பயிற்சிக்குப் போ. சென்னையில் அறை வாடகைக்கு யாரிடமும் கைநீட்டாமல் போ.

அதற்கு முன்னால் ஊருக்குப் போ. தீபாவளி நெருங்குகிறது. தையற்கடையில் இந்த நாட்களில் இரவென்றும் பகலென்றும் கிடையாது என்பது அந்த வீட்டில் வளர்ந்த உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? சின்ன வயதில் காஜா எடுத்திருப்பாய், பட்டன் தைத்திருப்பாய். பத்து நாள் அந்த ஸ்டூலில் உட்கார். படத்தைப் பற்றி நீயாகப் பேச்செடுக்காதே, இசை சரியில்லை என்று அவரிடம் அழாதே. மன்னிப்பு கேட்கிறேன் என்று வசனமும் பேசாதே. அது உனக்கு நன்றாக வரும் என்பதால்தான் சொல்கிறேன்.

கடை சாத்துகிற நேரத்தில் ஒன்றே ஒன்று கேள். 40 டிக்கெட்டையும் தெருவில் கொடுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் அவர் படம் பார்த்தாரா? உள்ளே உட்கார்ந்தாரா, வெளியே நின்றாரா? உனக்குத் தெரியாது. கேட்டு எனக்கு எழுது.