பில்டரைக் கழுவியதும் மீன் சாவது ஏன்? கொழும்புக் குழாய்த் தண்ணீரும் உங்கள் மீன்தொட்டியும்

கேள்வி: வெள்ளவத்தையில் நாலாம் மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். மூன்றடி நீளம், ஒன்றேகாலடி அகலம், ஒன்றரையடி உயரமான தொட்டியில் தங்கமீன்களும் இரண்டு 'டாங்க் கிளீனர்' மீன்களும் வளர்க்கிறோம். மேலே வைக்கிற டொப் பில்டர்தான் பாவிக்கிறோம். மாதத்துக்கு ஒருமுறை அதிலுள்ள பஞ்சு, ஸ்பொஞ், செரமிக் வளையம் எல்லாவற்றையும் பைப்பின் கீழ் வைத்துத் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுவோம். இரண்டு நாளில் தொட்டித் தண்ணீர் வெண்மையாகக் கலங்கிவிடுகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. போன மாதம் எட்டுத் தங்கமீன்களில் இரண்டு செத்துவிட்டன. யாழ்ப்பாணத்தில் அப்பாவும் இப்படித்தான் கழுவினார், ஒன்றும் சாகவில்லை. கடைக்காரர் யூ.வி. விளக்கு உள்ள கனிஸ்டர் பில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய பாத்திரப் பில்டர்) வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்கவேண்டாம். உங்களிடம் இருக்கும் பில்டர் பழுதாகவில்லை. நீங்கள் அதை ஒவ்வொரு மாதமும் புதுப் பில்டர் ஆக்கிவிடுகிறீர்கள், தொல்லை அங்கேதான். எவ்வளவு விலையில் எதை வாங்கி வைத்தாலும் இதே மாதிரிக் கழுவினால் இதேதான் நடக்கும்.

மீன்கள் செவுள் வழியாக எந்நேரமும் அமோனியாவை வெளிவிடுகின்றன. மிஞ்சிய சாப்பாடும் கழிவும் அழுகும்போதும் அமோனியாதான் வரும். செரமிக் வளையத்திலும் ஸ்பொஞ்சிலும் ஒட்டி வாழும் ஒருவகைப் பக்டீரியா அந்த அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை, நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். முதல் இரண்டும் சிறிதளவிலேயே நஞ்சு. கடைசியில் வரும் நைத்திரேற்று அவ்வளவு மோசமில்லை, வாரம் ஒருமுறை கொஞ்சத் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். இந்தப் பக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. ஒரு புதுப் பில்டரில் அவை போதுமான அளவுக்கு வளர நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நீங்கள் மாதத்துக்கு ஒருமுறை கழுவுகிறீர்கள். அவை ஒருவாறு நிலைகொள்ளும் நேரத்தில் திரும்பவும் பைப்பின் கீழ் போகின்றன.

கொழும்பு நகரத்துக்கு வரும் தண்ணீர் களனி ஆற்றிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் எடுத்துச் சுத்திகரிக்கப்படுவது. குழாயில் கிருமி வளராமல் இருக்க அதில் குளோரீன் விடப்படுகிறது. நாங்கள் நம்பிக் குடிப்பதற்கு அது வேண்டும். ஆனால் குளோரீனுக்கு நல்ல பக்டீரியா, கெட்ட பக்டீரியா என்று பேதம் தெரியாது. ஓடும் தண்ணீரில் பிழிந்து கழுவும்போது ஒரு பங்கு உரிந்து போகும், மிஞ்சியதிலும் ஒரு பங்கைக் குளோரீன் கொல்லும். உங்கள் அப்பா கழுவியது கிணற்றுத் தண்ணீரில். அதில் குளோரீன் இல்லை. அத்தோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல், அங்குள்ள தண்ணீர் கடினமானது, தொட்டியின் பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) இலகுவில் இறங்காது. அப்பாவின் முறை அந்தத் தண்ணீருக்குச் சரியாகவே இருந்திருக்கிறது.

வெண்கலங்கலுக்கும் இதுவே காரணம். பில்டரில் இருந்தவை அழிந்ததும், தண்ணீரில் மிதந்து வளரும் வேறு பக்டீரியா கிடைக்கும் கழிவைத் தின்று திடீரென்று பெருகுகிறது. அது ஒட்சிசனையும் இழுத்துக்கொள்ளும். கொழும்புச் சூட்டில் இது பெரிய விஷயம்: 20 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 30 பாகையில் ஏழரைதான். தங்கமீனோ குளிர்ந்த தண்ணீருக்குப் பழகிய இனம். மேலே வந்து வாய் திறப்பது பசியால் அல்ல, மூச்சுத் திணறலால். அந்த நேரத்தில் பலர் இரக்கப்பட்டுச் சாப்பாடு போடுவார்கள். தயவுசெய்து போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பாட்டை நிறுத்தி, எயார் பம்ப் போட்டு, குளோரீன் நீக்கிய தண்ணீரால் மூன்றிலொரு பங்கை மாற்றுங்கள். அடுத்த நாளும் அப்படியே செய்யுங்கள். குளோரீனை நீக்கக் கடையில் விற்கும் அன்டி குளோரின் துளிகள் போதும். அது கையில் இல்லையென்றால் வாளித் தண்ணீரில் எயார் கல்லைப் போட்டு ஒரு நாள் ஓடவிடுங்கள்.

யூ.வி. விளக்கு பச்சைத் தண்ணீருக்கு நல்ல மருந்து. பச்சை நிறம் தரும் பாசி அதன் வெளிச்சத்தில் அழியும். ஆனால் அமோனியாவை அது ஒன்றும் செய்யாது. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்க உள்ளே அமோனியா ஏறிக்கொண்டிருக்கலாம். அதனால், செலவழிப்பதென்றால் முதலில் அமோனியாவும் நைத்திரைற்றும் பார்க்கும் பரிசோதனைத் துளிகளை வாங்குங்கள். இரண்டும் பூச்சியமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் பில்டர் இன்னும் தயாராகவில்லை என்றுதான் பொருள்.

இனிக் கழுவும் முறை. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் விடுங்கள். எப்படியும் தண்ணீர் மாற்றும்போது அதை எடுக்கத்தானே வேண்டும். ஸ்பொஞ்சை அந்த வாளியில் இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். கபில நிறம் முழுவதும் போகவேண்டியதில்லை, போகவும் கூடாது. செரமிக் வளையங்களை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே வாளித் தண்ணீரில் அலசி எடுங்கள், தேய்க்கவேண்டாம். ஸ்பொஞ் கழுவிய நாளில் வளையத்தைத் தொடாதீர்கள், இடையில் இரண்டு வாரமாவது விடுங்கள். வெள்ளைப் பஞ்சு மட்டும் வேறு: அது வெறும் அழுக்குப் பிடிக்க, வாராவாரம் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். மோட்டரின் உள்ளே சுழலும் காந்தத் தண்டையும் விசிறியையும் மாதம் ஒருமுறை கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் வழுவழுப்பை எடுங்கள். அதைப் பைப் தண்ணீரிலேயே கழுவலாம், அங்கே காப்பாற்ற ஒன்றுமில்லை. மோட்டர் இரைச்சல் போட்டால் முதலில் பார்க்கவேண்டியதும் அதைத்தான்.

டொப் பில்டரில் பலர் விடும் பிழை ஒன்று இருக்கிறது. தண்ணீர் மேலிருந்து விழுவதால் பஞ்சு மேலே, ஸ்பொஞ் அதன் கீழே, வளையம் அடியில் இருக்கவேண்டும். கனிஸ்டரில் பெரும்பாலும் தண்ணீர் அடியிலிருந்து மேலே ஏறும், அங்கே முரட்டு ஸ்பொஞ் அடியிலும் பஞ்சு கடைசியாக மேலேயும் வரும். இரண்டிலும் விதி ஒன்றுதான்: பெரிய அழுக்கு, வளையத்துக்குப் போகுமுன் பிடிபடவேண்டும். பஞ்சு அடைத்துவிட்டால் தண்ணீர் அதைச் சுற்றி விளிம்பு வழியாக ஓடி, எதையும் தொடாமல் தொட்டிக்குத் திரும்பிவிடும். பில்டர் ஓடுவதுபோலத்தான் தெரியும்.

காபன், சியோலைட் என்று விற்பவை உங்களுக்கு இப்போது தேவையில்லை. காபன் மருந்து, நிறம், மணம் ஆகியவற்றை உறிஞ்சும், சில வாரத்தில் நிரம்பிவிடும். மீனுக்கு மருந்து போடும்போது அதை வெளியே எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் மருந்தையும் உறிஞ்சிவிடும். சியோலைட் ஒருவகைக் கனிமக் கல், அமோனியாவைப் பிடித்து வைக்கும். ஆனால் தொட்டியில் உப்புப் போட்டால் பிடித்ததைத் திரும்ப வெளியே விட்டுவிடும். நோய்க்கு உப்புப் போடுவது எங்களிடம் பரவலான பழக்கம் என்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. உப்புப் போடும் வீட்டில் சியோலைட் வைக்காதீர்கள்.

இப்போது அளவு. தொட்டியின் மூன்று அளவுகளையும் அங்குலத்தில் பெருக்கி 61 ஆல் வகுத்தால் லீற்றர் வரும். உங்களுடையது 36 × 15 × 18, ஏறக்குறைய 159 லீற்றர். மேலே விடும் இடைவெளியும் அடியிலுள்ள கல்லும் போக 130 லீற்றர் தண்ணீர் இருக்கும். தங்கமீன் அதிகம் கழிக்கும் மீன், எனவே மணிக்கு ஐந்தாறு தடவையாவது முழுத் தண்ணீரும் பில்டரால் போகவேண்டும். அதாவது 650 முதல் 800 லீற்றர். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பவேண்டாம், அது உள்ளே ஒன்றும் போடாமல், தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாமல் அளந்தது. ஸ்பொஞ்சும் வளையமும் போட்டு ஓடவிட்டால் பாதிக்குக்கூட வந்துவிடும். நீங்களே அளக்கலாம். தண்ணீர் விழும் இடத்தில் ஒரு லீற்றர் சாடியைப் பிடியுங்கள். ஐந்து செக்கனில் நிரம்பினால் மணிக்கு 720 லீற்றர், பத்து செக்கன் எடுத்தால் 360 தான். பில்டர் கழுவிய நாளில் எத்தனை செக்கன் என்று குறித்துவைத்து, அது ஒன்றரை மடங்கானதும் அடுத்த தடவை ஸ்பொஞ்சைப் பிழியுங்கள். நாட்காட்டியைப் பார்த்துக் கழுவுவதைவிட இது மேல்.

உண்மையைச் சொன்னால், மீதியுள்ள ஆறு தங்கமீன்களே வளர்ந்தபின் இந்தத் தொட்டிக்கு அதிகம். டாங்க் கிளீனரும் ஓரடிக்கு மேல் வளரும், தொட்டியைச் சுத்தம் செய்வதைவிட அதிகம் கழிக்கும். யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். ஆனால் பேரவாவியிலோ வெள்ளவத்தைக் கால்வாயிலோ விடவேண்டாம். அது எங்கள் நாட்டு மீன் அல்ல, விட்ட இடத்தில் பெருகி மற்ற மீன்களின் இடத்தைப் பிடித்துவிடும்.

பணம் செலவழிக்க விரும்பினால் நான் வாங்கச் சொல்வது ஒரு ஸ்பொஞ் பில்டரும் எயார் பம்பும். விலை குறைவு, பழுதாக அதில் ஒன்றுமில்லை, டொப் பில்டரைக் கழுவும் நாளில் அது பக்டீரியாவைக் காத்துக்கொண்டிருக்கும், சூட்டுக்கு ஒட்சிசனும் தரும். ஒரு மீன் நோயில் விழுந்தால் அதைப் பிரித்து வைக்கும் வாளிக்கு அந்த ஸ்பொஞ்சையே மாற்றிப் போடலாம். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போன நேரத்தில் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து பம்பையும் தரையையும் நனைக்கும். தொட்டிக்குப் போகும் வயர்கள் பிளக்குக்கு வருமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறவேண்டும், வடியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள்.

கரண்ட் வெட்டை எண்ணிப் பார்க்கும்போதும் டொப் பில்டர்தான் எனக்குப் பிடிக்கும். 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். டொப் பில்டர் நின்றாலும் வளையங்கள் ஈரமாக, காற்றுப் படும்படி இருக்கும், பக்டீரியா மணிக்கணக்கில் தாங்கும். கனிஸ்டர் மூடிய பாத்திரம், உள்ளே ஒட்சிசன் சில மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். பிறகு கரண்ட் வந்ததும் உள்ளே கெட்டுப்போன தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ளும். கனிஸ்டர் வைத்திருப்பவர்கள் மூன்று நாலு மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் இல்லாவிட்டால், அதைத் திறந்து பழைய தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் திரும்ப ஓடவிடவேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது பில்டரை நிறுத்திவிட்டுப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். எந்தப் பில்டரையும் நிறுத்தாதீர்கள். சுகமான தங்கமீன் ஒரு வாரம் சாப்பாடில்லாமல் இருக்கும், பில்டர் இல்லாமல் இருக்காது.

கொழும்புத் தண்ணீர் மென்மையானது என்பதால் இன்னுமொன்று. அமோனியாவை மாற்றும் வேலை தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே நடக்கும். நெடுநாள் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பி.எச். இறங்கி, ஆறுக்குக் கிட்ட வந்ததும் பக்டீரியா வேலையைக் குறைத்துவிடும். வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றினால் அந்தக் கட்டத்துக்குப் போகாது. தங்கமீனுக்கு நன்கு கழுவிக் காயவைத்த மட்டி ஓடு ஒரு கைப்பிடியை வலைப்பையில் போட்டுப் பில்டரில் வைக்கலாம், மெதுவாகக் கரைந்து ஈடுகட்டும்.

ஆறுமாதம் அமோனியா பூச்சியமாக ஓடி, படுக்கையறைக்குத் தொட்டியை மாற்றவேண்டும், சத்தம் வேண்டாம், அல்லது செடி வளர்க்கப்போகிறோம் என்றால் அப்போது கனிஸ்டர் நல்ல தெரிவுதான். வாங்குமுன் கடையில் கேட்கவேண்டியது, அந்த மாதிரிக்கு விசிறியும் ரப்பர் வளையமும் தனியாகக் கிடைக்குமா என்பதை. கிடைக்காவிட்டால் வேறு மாதிரி பாருங்கள். அந்த ரப்பர் வளையம் வறண்டால் தண்ணீர் கசிந்து கீழ்வீட்டுச் சீலிங்குக்கு இறங்கும். திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதில் சிலிக்கோன் கிறீஸ் பூசவேண்டும். வாசலின் பூசினால் சில வகை ரப்பர் ஊதிவிடும். புதுக் கனிஸ்டர் வந்த அன்றே டொப் பில்டரைக் கழற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்து ஆறு வாரம் ஓடட்டும். அதன் பிறகு பழைய செரமிக் வளையங்களை, கழுவாமல், அப்படியே கனிஸ்டரின் தட்டில் போட்டுவிட்டு டொப் பில்டரை நிறுத்துங்கள்.