உருமாறிய ட்ரூயிட் அடி வாங்கினால் யாருடைய உயிர்ப் புள்ளி குறையும்?

ஹட்டனில் போயா நாட்களில் டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டை விளையாடும் எங்கள் குழுவிலும் இந்தச் சண்டை வந்தது.

உருமாற்றம் என்றால் ட்ரூயிட் என்ற இயற்கை மந்திரவாதிப் பாத்திரம் கொஞ்ச நேரம் மிருகமாவது. 2014 விதிப்புத்தகத்தின்படி மிருகத்துக்குத் தனி உயிர்ப் புள்ளிகள் (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) உண்டு. அவை தீர்ந்தால் பழைய உருவம் திரும்பும், மிச்ச அடி அதன்மேல் விழும். கரடியாக மாறிய ட்ரூயிடுக்குச் சொந்தமாக 16 புள்ளி, கரடிக்கு மிஞ்சியது 5, விழுந்த அடி 12 என்று வையுங்கள். கரடி 5ஐத் தாங்கும், மிச்சம் 7 ட்ரூயிடுக்கு. கையில் 9 இருக்கும்.

ஏன் இப்படி? மிச்ச அடி மறைந்துவிட்டால், ஒரு புள்ளிக் கரடிகூட எவ்வளவு பெரிய அடியையும் விழுங்கிவிடும். அது நியாயமில்லை.

கொழுந்தெடுக்கும் அம்மாக்கள் இடுப்பில் கட்டும் படங்கை நினையுங்கள். ஈரத்தை முதலில் வாங்குவது அதுதான். அது தாங்காத ஈரம்தான் சேலைக்குப் போகும். அதற்கு முன்பே படங்கை அவிழ்த்தால் சேலை கட்டியபோது இருந்தபடியே இருக்கும். அதுபோல ட்ரூயிட் தானாக உருவம் கலைத்தால் பழைய புள்ளி அப்படியே கிடைக்கும்.

2024 விதி வேறு. அதில் ட்ரூயிடின் சொந்தப் புள்ளிகள்தான், அதன்மேல் அவரது ட்ரூயிட் நிலைக்கு (லெவல்) சமமான தற்காலிகப் புள்ளிகள் (நிலவு வட்டம் என்ற பிரிவு ட்ரூயிடுக்கு மும்மடங்கு). அவை தீர்ந்தாலும் மிருக உருவம் போகாது. ஆகவே எந்த ஆண்டுப் புத்தகம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

அப்புறம், 2014 விதியில் கரடி விழுந்தால் ட்ரூயிடும் மயங்குவார் என்று பலர் நினைக்கிறார்கள். மிச்ச அடி அவருடைய புள்ளியையும் பூச்சியமாக்கினால் மட்டுமே மயங்குவார்.