மைதான மூலை: ரியல் மாட்ரிட்டோட ரெண்டாவது டீம் (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல ஸ்பெயின் ஃபுட்பால் கிளப் ரியல் மாட்ரிட் பத்தி எழுதுறப்போ நடுவுல காஸ்டில்லான்னு ஒரு பேரை சும்மா போட்டுட்டு போயிட்டேன், அது என்ன ஏதுன்னு கேட்டு வந்த லெட்டரும் மெசேஜும் குவிஞ்சு கிடக்கு, அதனால இந்த இதழ் முழுக்க அதுதான். கிரிக்கெட் ஆளுங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

வியாசர்பாடி வாசகர்: காஸ்டில்லான்னா ரியல் மாட்ரிட்டோட பி டீம் தானே சார்? பிராக்டிஸ் மேட்ச் ஆடுற பசங்களுக்கு எதுக்கு இவ்ளோ பில்டப்?

பிராக்டிஸ் மேட்ச்னு யாருப்பா சொன்னது? இங்கிலாந்துல தான் ரிசர்வ் பசங்க ரிசர்வ் பசங்களோடயே மோதிட்டு இருப்பாங்க. ஸ்பெயின்ல அப்படி இல்ல, பி டீமும் நிஜ லீக்ல ஆடணும், பாயின்ட்ஸ் உண்டு, தோத்தா கீழ் டிவிஷனுக்கு தள்ளிடுவாங்க. எதிர்ல நிக்கிறது சின்ன ஊரு கிளப்போட 33 வயசு டிஃபெண்டர், அந்த ஆளுக்கு இது தான் சம்பளம், வீட்டு வாடகை எல்லாம், நீ பெரிய கிளப் அகாடமி பையன்னு பார்த்து விட்டுக்கொடுக்க மாட்டான், இன்னும் ரெண்டு மிதி எக்ஸ்ட்ராவா தான் விழும்.

வினிசியஸ் கதை தெரியுமா? 2018-ல பிரேசில்ல இருந்து 45 மில்லியன் யூரோ குடுத்து எடுத்துட்டு வந்தாங்க. வந்ததும் முதல் டீம் ஆடுற பெர்னபு ஸ்டேடியம் இல்ல, காஸ்டில்லா தான், மூணாவது டிவிஷன். அட்லெடிகோ பி டீம் கூட மேட்ச். பையன் ரெண்டு கோல் போட்டான், அதுல கடுப்பான எதிர் டீம் கேப்டன் குனிஞ்சு வந்து அவன் தலையிலயே பல்லை வச்சான்! கேமராவுல தெளிவா விழுந்துச்சு. 18 வயசுல இதெல்லாம் பார்த்துட்டு மேல போனவன் அப்புறம் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல ஏன் பயப்படப் போறான்?

மதுரை வாசகர்: ரியல் மாட்ரிட்டும் அதோட பி டீமும் ஃபைனல்லயே மோதினதா என் ஃப்ரெண்ட் சொல்றான். கதை விடுறானா?

கதை இல்லண்ணே, நூத்துக்கு நூறு நிஜம். 1980 ஜூன் 4, கோபா டெல் ரே, அதாவது ஸ்பெயினோட நாக் அவுட் கப், அதோட ஃபைனல், பெர்னபு ஸ்டேடியம், ஒரு பக்கம் ரியல் மாட்ரிட், இன்னொரு பக்கம் காஸ்டில்லா.

ஆனா எனக்கு ஃபைனலை விட அவங்க அங்க வந்து சேர்ந்த வழி தான் பிடிக்கும். அப்போ ரெண்டாவது டிவிஷன்ல இருந்த டீம் வரிசையா நாலு முதல் டிவிஷன் டீமை வெளிய அனுப்பிச்சு. ஹெர்குலிஸ், அத்லெடிக் பில்பாவ், ரியல் சோசியடாட், ஸ்போர்ட்டிங் கிகான். இதுல சோசியடாட் யாருன்னு பாருங்க, அந்த சீசன்ல லீக்ல 34 மேட்ச்ல ஒண்ணே ஒண்ணு தான் தோத்தாங்க, ஒரே பாயின்ட்ல பட்டத்தை மாட்ரிட்கிட்ட விட்டாங்க, அந்த டீமை தூக்கி வீசினது மாட்ரிட்டோட பி டீம்! செமிஃபைனல் ரெண்டு மேட்ச், கோலைக் கூட்டித் தான் முடிவு, கிகான் ஊர்ல 2-0 தோத்துட்டு வந்து, திரும்ப பெர்னபுல 4-1 அடிச்சாங்க.

ஃபைனல்ல அதெல்லாம் எடுபடல. பெரியவங்க இரக்கமே பார்க்கல, 6-1. முதல் டீமுக்கு கோல் போட்டவங்கள்ல டெல் பாஸ்கேயும் ஒருத்தர், ஆமா, 2010-ல ஸ்பெயினுக்கு வேர்ல்டு கப் வாங்கிக் குடுத்த அதே மீசைக்காரர் தான். முடிஞ்சதும் ரெண்டு டீமும் ஒண்ணா சேர்ந்து கொண்டாடினாங்க, யாரு ஜெயிச்சாலும் கப்பு ஒரே அலமாரிக்கு தானே போகுது.

கூத்து அதோட நிக்கல. மாட்ரிட் லீக்கும் ஜெயிச்சதால அவங்க ஐரோப்பியன் கப்புக்கு போயிட்டாங்க, கோபா மாதிரி கப் ஜெயிச்சவங்க ஆடுற கப் வின்னர்ஸ் கப் இடம் ரன்னர் அப்புக்கு, அதாவது காஸ்டில்லாவுக்கு. ஒரு பி டீம் ஐரோப்பிய போட்டிக்கு! முதல் ரவுண்டுல லண்டன் வெஸ்ட் ஹாம், அவங்களும் அப்போ ரெண்டாவது டிவிஷன் தான். மாட்ரிட்ல காஸ்டில்லா 3-1 ஜெயிச்சது, ஆனா கேலரில வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் தகராறு பண்ணதுல லண்டன்ல நடக்குற ரெண்டாவது மேட்ச்சை ரசிகர்களே இல்லாம ஆடுங்கன்னு உத்தரவு வந்துடுச்சு. வெஸ்ட் ஹாமோட அப்டன் பார்க் கிரவுண்ட்ல அன்னிக்கு உள்ள இருந்தது வெறும் 262 பேர். எக்ஸ்ட்ரா டைம் வரைக்கும் போய் வெஸ்ட் ஹாம் 5-1 ஜெயிச்சது, டேவிட் கிராஸ் ஹாட்ரிக். கதை அங்கயே முடிஞ்சது. 1990-91 சீசன்ல இருந்து பி டீம் கோபாவுல ஆடவே கூடாதுன்னு ரூல் போட்டுட்டாங்க, இனிமே உங்க ஃப்ரெண்ட் சொன்ன மாதிரி ஒரு ஃபைனல் வரவே வராது.

கோயம்புத்தூர் வாசகி: ரெண்டாவது டிவிஷன்ல முதல் இடம் வந்தா லா லிகாவுக்கு புரமோஷன் உண்டா?

இல்லம்மா, லா லிகாங்கிறது முதல் டிவிஷன், அங்க ரியல் மாட்ரிட் இருக்கு. முதல் டீம் இருக்குற டிவிஷன்ல பி டீம் இருக்கக் கூடாது, அவ்ளோ தான் சட்டம். 1983-84-ல காஸ்டில்லா தான் ரெண்டாவது டிவிஷன் சாம்பியன், ரெண்டாம் இடம் யாருன்னு கேளுங்க, பில்பாவ் அத்லெடிக், அதுவும் பி டீம், அத்லெடிக் பில்பாவோடது! ரெண்டு பேரையும் ஓரமா உக்கார வச்சுட்டு அடுத்த மூணு டீம் மேல போச்சு.

அந்த காஸ்டில்லாவுல புட்ராகுயேனோ, மிச்செல், சாஞ்சிஸ், மார்டின் வாஸ்கேஸ், பர்தேசா. டீமுக்கு புரமோஷன் கிடைக்கல, ஆனா ஒவ்வொருத்தரா ஆளுங்க மேல போயிட்டாங்க. 1984 பிப்ரவரில காடிஸ் ஊர்ல முதல் டீம் 2-0 பின்தங்கி நிக்குது, கோச் டி ஸ்டெஃபானோ பெஞ்ச்ல இருந்த புட்ராகுயேனோவை இறக்கி விட்டாரு, முதல் மேட்சே அதுதான், பையன் ரெண்டு கோல், 3-2 ஜெயிச்சு வீட்டுக்கு வந்தாங்க. அப்புறம் அவரை யாரு காஸ்டில்லாவுக்கு திருப்பி அனுப்புவா? என்னைக் கேட்டா ஒரு பி டீமுக்கு டேபிள்ல எத்தனாவது இடம்ங்கிறது ரெண்டாம்பட்சம், நல்ல ஆளுங்களை எவ்ளோ சீக்கிரம் மேல பறிகொடுக்குதுங்கிறது தான் கணக்கு. ஆனா அங்க ஆடுற பசங்ககிட்ட இதை சொன்னா அடிக்க வருவாங்க, சனிக்கிழமை சனிக்கிழமை அவங்களுக்கு ஜெயிக்கணும்.

திருநெல்வேலி வாசகர்: அப்போ முதல் டீம் கீழ விழுந்தா?

பி டீமும் சேர்ந்து விழும். 2012 மே மாசம், லா லிகால வில்லாரியலுக்கு அந்த சீசனோட கடைசி மேட்ச், எதிர்ல அட்லெடிகோ. 88-வது நிமிஷம் அட்லெடிகோ ஃபால்காவ் ஹெட்டர்ல ஒரு கோல் போட்டாரு, அதே நேரம் வேற கிரவுண்ட்ல ராயோ வல்லேகானோ இஞ்சுரி டைம்ல கோல் போட்டு தப்பிச்சது, வில்லாரியல் காலி, ரெண்டாவது டிவிஷனுக்கு இறங்கிடுச்சு. ஆறு வருஷம் முன்ன சாம்பியன்ஸ் லீக் செமிஃபைனல் ஆடுன டீம். அவங்க பி டீம் அப்போ ரெண்டாவது டிவிஷன்ல பத்திரமா நடு டேபிள்ல இருந்தது, யார் வம்புக்கும் போகல, ஆனாலும் அண்ணன் வர்றான் எந்திரின்னு மூணாவது டிவிஷனுக்கு இறக்கிட்டாங்க. அந்த பசங்க வருஷம் பூரா ஆடி சேர்த்த பாயின்ட்ஸ் எல்லாம் ஒரே ராத்திரில வேஸ்ட். இந்த ரூல் மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஜீரணமாகல.

சேலம் வாசகர்: ரியல் மாட்ரிட் மேட்ச்ல சில பேரு மட்டும் 35, 39னு ஜெர்சி போட்டு வர்றாங்களே, ஏன்?

முதல் டீம்ல பதிவான ஆளுங்களுக்கு 1-ல இருந்து 25 வரைக்கும் தான் நம்பர். 26-க்கு மேல பார்த்தீங்கன்னா அது பி டீம் இல்லன்னா இளைஞர் டீம் பையன். 2024 நவம்பர்ல ஒசாசுனா மேட்ச்ல மிலிட்டாவ் முட்டி போய் ஸ்ட்ரெச்சர்ல போனாரு, 35-ம் நம்பர் ராவுல் அசென்சியோ உள்ள வந்தாரு, அதான் முதல் மேட்ச், வந்தவர் பின்னாடி இருந்து ஒரு நீள பாஸ் தூக்கிப் போட்டாரு, பெல்லிங்ஹாம் அப்படியே கோல் ஆக்கிட்டாரு. அந்த சீசன் முழுக்க முதல் டீமுக்கு ஆடியும் பேப்பர்ல அவர் காஸ்டில்லா ஆளு தான். இதுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு, மைதானத்துல எப்பவும் குறைஞ்சது 7 பேர் முதல் டீம் ஆளுங்களா இருக்கணும்.

தஞ்சாவூர் பார்சா வெறியர்: மாட்ரிட் மாட்ரிட்னு ஏன் உருகுறீங்க, எங்க பி டீம் கண்ணுக்குத் தெரியலையா?

தெரியுது சாமி, கத்தாதீங்க. 2007-ல கார்டியோலா கோச்சா முதல் முதல்ல எடுத்தது உங்க பார்சிலோனா பி டீமைத் தான், அப்போ அது நாலாவது டிவிஷன்ல கிடந்துச்சு, ஒரே சீசன்ல மேல ஏத்திட்டு, பெட்ரோவையும் புஸ்கெட்ஸையும் கூட்டிட்டு முதல் டீமுக்கு வந்துட்டாரு. மீதி உலகத்துக்கே தெரியும். மாட்ரிட் அதைப் பார்த்து தான் ஜிடானை 2014-ல காஸ்டில்லாவுக்கு போட்டாங்களான்னு எனக்கு ஒரு சந்தேகம், அவரும் ஒன்றரை வருஷத்துல மேல போய் தொடர்ச்சியா மூணு சாம்பியன்ஸ் லீக் எடுத்தாரு. இப்போ திருப்தியா?

ஈரோடு வாசகர்: காஸ்டில்லா பெர்னபுல தான் ஆடுமா?

இல்ல, வால்டேபேபாஸ்ல டிரெய்னிங் சென்டருக்குள்ளயே ஆல்ஃப்ரெடோ டி ஸ்டெஃபானோன்னு ஒரு குட்டி ஸ்டேடியம், 6,000 பேர் உக்காரலாம். கொரோனா நேரத்துல பெர்னபுல வேலை நடந்துட்டு இருந்ததால முதல் டீமே இங்க வந்து ஆடுச்சு. 2020 ஜூலைல வில்லாரியலை 2-1 ஜெயிச்சு லா லிகா கப்பு தூக்குனதும் இந்த கிரவுண்ட்ல தான், ரெண்டு கோலும் பென்சிமா, கைதட்ட கேலரில ரசிகர்னு ஒருத்தர் கூட இல்ல.