தயிர் நூலாக இழுக்கிறதா? பாலைச் சந்தேகிக்காதீர்கள்

கேள்வி: மதுரையில் இருந்தவரை தயிர் எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை. ஓசூருக்குக் குடிவந்த பிறகு, குளிர் தொடங்கியதிலிருந்து சரியாக உறைவதில்லை. ஒரு கரண்டி உறைமோர் விட்டாலும் காலையில் பாலாகவே இருக்கிறது. மதியம் உறைந்தாலும் நூல் நூலாக இழுக்கிறது, தண்ணீர் பிரிந்து நிற்கிறது. பாக்கெட் பால்தான் காரணமா? இதைச் சாப்பிடலாமா? – ஒரு வாசகி, ஓசூர்

பதில்: பால் மேல் பெரிய குற்றம் இல்லை. உங்கள் உறைமோரும் ஓசூர்க் குளிரும் சேர்ந்து செய்கிற வேலை இது.

உறைமோரில் இருப்பது ஒரே வகை பாக்டீரியா அல்ல. சில 40 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேகமாகப் பெருகும். சில 20, 25 டிகிரியிலேயே சுகமாக வளரும். குளிரில் வளரும் கூட்டத்தில் சில ரகங்கள் புளிப்போடு, நீளமான சர்க்கரைச் சங்கிலிகளையும் பாலில் விடுகின்றன. நூலாக இழுப்பதும் வழவழப்பும் அதனால்தான். தினமும் அதே தயிரிலிருந்து உறை எடுத்து, அதே குளிரில் வைக்கிறீர்கள் அல்லவா? நாளுக்கு நாள் அந்த ரகமே உங்கள் பாத்திரத்தில் பெரும்பான்மை ஆகிவிடுகிறது. பாலை மாற்றினாலும், பிராண்டை மாற்றினாலும் அது போகாது.

சாப்பிடலாமா என்றால், வாடையும் ருசியும் வழக்கமான தயிர் போலவே இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பின்லாந்தில் ‘வீலி’ என்று ஒரு தயிர் உண்டு. இப்படி இழுத்தால்தான் அங்கே அது நல்ல வீலி! ஆனால் கசப்போ, கெட்ட வாடையோ, மேலே பூஞ்சணமோ, இளஞ்சிவப்புத் திட்டோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

முதல் வேலை, பழைய உறையைக் கைவிடுவது. தயிர் நன்றாக உறையும் ஒரு வீட்டிலிருந்து இரண்டு ஸ்பூன் வாங்கி வாருங்கள். கடைத் தயிரும் போதும், இனிப்பு சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். காய்ந்த மிளகாய்க் காம்பைப் போட்டாலும் உறையும் என்பார்கள். சில சமயம் உறையும்தான். ஆனால் எந்த பாக்டீரியா வந்து குடியேறும் என்பது நம் கையில் இல்லை. பக்கத்தில் உறைமோர் கிடைக்கும்போது அந்தச் சோதனை எதற்கு?

அடுத்து, பாலைக் காய்ச்சுவது. ‘பாக்கெட் பால் ஏற்கெனவே சூடாக்கியதுதானே’ என்று லேசாகச் சுடவைத்து நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய பேர். பாஸ்டரைசேஷன் என்பது பொதுவாக 72 டிகிரியில் 15 விநாடிதான். கெட்டித்தயிருக்கு அது போதாது. பால் பொங்கிய பின்னும் சிறு தீயில் ஐந்து முதல் பத்து நிமிடம் கிளறிக் காய்ச்சுங்கள். தெளிநீரோடு போகவேண்டிய புரதங்கள் அந்தச் சூட்டில் உருமாறி, கேசின் என்கிற முக்கியப் பால் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் பிரிவதும் குறையும். சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதம். பின்னதில் ருசியும் ஏடும் கூடும். ஆனால் கெட்டித்தன்மைக்கு முதல் காரணம் புரதம். அதனால் மெல்லிய பாலே வாங்கினாலும், அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சினால் நன்றாக நிற்கும்.

காய்ச்சிய பால் 40, 42 டிகிரிக்கு ஆறட்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால், சுத்தமான விரலை விட்டுப் பத்து எண்ணும்வரை பொறுக்க முடிந்தால் சரி. அதைவிட ரொம்பச் சூடாக இருந்தால் உறை செத்துப்போகலாம்.

அரை லிட்டருக்கு ஒரு கரண்டி உறை மிக அதிகம். குளிர் ஈடுகட்டப்படும் என்று நினைத்து அவ்வளவு ஊற்றுகிறீர்கள். ஆனால் சீக்கிரம் புளித்து, திரிதிரியாகித் தண்ணீர்தான் விடும். குளிர்காலத்துக்கு இரண்டு டீஸ்பூன், வெயில் காலத்துக்கு அரை டீஸ்பூன் போதும். கட்டியில்லாமல் அடித்துக் கலக்குங்கள்.

உறையைக் கூட்டுவதற்குப் பதில் சூட்டைக் காப்பாற்றுங்கள். ஹாட்பாக்ஸில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, அதற்குள் பால் பாத்திரத்தை வைத்து மூடி, ஒரு கம்பளியால் சுற்றிவிடுங்கள். ஐந்தாறு மணி நேரத்தில் உறைந்துவிடும். நடுவில் திறந்து ஆட்டிப் பார்க்க வேண்டாம். உறைந்தது தெரிந்ததும் உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள்; வெளியிலேயே விட்டால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும்.

அப்புறம், எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சிய அடித்தயிரில் மறுநாளைக்கு உறை எடுக்காதீர்கள். உறைந்த அன்றே, யாரும் கரண்டி விடுவதற்கு முன், இரண்டு ஸ்பூன் தனியாகச் சின்ன டப்பாவில் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.