மூவாயிரம் கியாட்

அன்புள்ள அக்கா,

பரணில் தாத்தாவின் பழைய கணக்கு நோட்டு கிடைத்தது. 1963-இல் ரங்கூனில் எழுதியது. அதில் 'கையிருப்பு 3,000 கியாட்' என்று ஒரு வரி; கியாட் என்பது பர்மா பணம். செல்போனில் போட்டுப் பார்த்தேன், நூற்றிருபது ரூபாய் சொச்சம் வந்தது. வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். இந்தக் கணக்கு சரியா? பர்மா ரூபாய் நோட்டு இரண்டும் இருக்கிறது. விற்கலாமா?

எஸ்., கொருக்குப்பேட்டை

அன்புள்ள தம்பி,

ரூபாய் நோட்டை விற்பதா வைத்திருப்பதா என்பதை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்.

'சிரித்துவிட்டோம்' என்ற இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. 1963-இன் பணத்தை இன்றைய விலையில் மாற்றிப் பார்த்துவிட்டு ஒரு மனிதரின் உழைப்பைப் பார்த்துச் சிரிப்பதா? பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். இங்கே ஓடிய ரூபாய்தான் அங்கேயும். பிரிந்த பிறகும், நடுவில் ஜப்பான்காரர்கள் இருந்த காலம் போக, 1947 வரை அவர்களுக்கும் நம் ரிசர்வ் வங்கிதான். 1952-இல் கியாட் வந்தபோது ஒரு பர்மா ரூபாய்க்கு ஒரு கியாட் என்று வைத்தார்கள். ஒரு டாலருக்கு அங்கே 4.76 கியாட், இங்கே 4.76 ரூபாய். ஆக, உங்கள் தாத்தா கையில் இருந்தது முழுசாக மூவாயிரம் ரூபாய். இதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

சரி, இனிமேல் பழைய நாணய மாற்று விலைப் பட்டியலைத் தேடிப் பிடித்து அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 1966 ஜூன் 6-ஆம் தேதி நம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள்; டாலர் 7.50 ஆனது. காகிதத்தில் அன்றைக்கே ஒரு கியாட் ஒன்றரை ரூபாயைத் தாண்டிவிட்டது. பர்மாவிலிருந்து கப்பலில் வெறுங்கையோடு வந்து இறங்கியவர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது? 2011 பட்டியலைப் பாருங்கள், ஒரு கியாட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் வரும். அன்றைக்கு சென்னை பர்மா பஜாரில் ஒரு கடைக்காரராவது அப்படிக் கொடுத்திருப்பாரா? அரசாங்கம் டாலருக்கு ஆறு கியாட் என்று எழுதிவைத்திருந்தது, ரங்கூன் தெருவில் எண்ணூறு. 2012 ஏப்ரல் 1-ஆம் தேதி அரசாங்கம் அந்தப் பிடியைத் தளர்த்தியபோது முதல் நாள் விலையே டாலருக்கு 818 கியாட். மாற்றிக் கொடுக்க ஒரு ஆள் எதிரே நிற்காத வரைக்கும் அந்த எண்ணை வைத்து ஒரு படி அரிசி வாங்க முடியாது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பர்மாவிலிருந்து வந்து வியாசர்பாடியில் இட்லிக் கடை போட்டிருந்த எங்கள் ஆயா. ஆயா வாயில் கியாட் என்ற சொல் வந்ததே இல்லை, கடைசி வரைக்கும் 'ரூபா'தான். 1964 மார்ச்சில் ரங்கூனில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. ஆயாவின் மளிகைக் கடையும் போனது. மே 17-ஆம் தேதி, ஐம்பது, நூறு நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அரிசிப் பானைக்கு அடியில் எட்டு நூறு நோட்டு இருந்தது. அவற்றை மாற்ற வரிசையில் போய் நின்றால் 'கடைதான் போய்விட்டதே, இது ஏது?' என்று கேட்பார்களோ என்று பயந்து ஆயா போகவில்லை. மறு வருடம் கப்பலேறும்போது, செல்லாது என்று தெரிந்தும் அவற்றை என் அம்மாவின் பாவாடைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். நான் பார்த்திருக்கிறேன். மடிப்பு சரியாக, நோட்டில் இருந்த பர்மா விடுதலைத் தலைவர் ஆங் சான் முகத்தின் மேல் விழுந்திருக்கும், அந்த இடத்தில் காகிதம் நைந்து வெளிச்சம் தெரியும்.

அதற்கப்புறம் ஆயா பெரிய நோட்டைக் கையில் ராத்தங்க விட்டதில்லை. யாராவது நூறு ரூபாய் கொடுத்தால் அன்றைக்கே பத்து பத்தாக மாற்றி ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டுவிடுவார். நாங்கள் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்! பாங்கில் போடு ஆயா, காலம் மாறிவிட்டது என்று நானே சத்தம் போட்டிருக்கிறேன்.

2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று டிவியில் சொன்னார்கள். ஆயாவுக்கு அப்போது எண்பத்து நாலு வயது. மறுநாள் பாங்குகள் மூடியிருந்தன, அதற்கடுத்த நாள் நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். ஆயா டப்பாவைத் திறந்து பத்து ரூபாய் நோட்டுகளைத் தரையில் கொட்டி, எச்சில் தொட்டு எண்ணி, ரப்பர் பேண்டு போட்டு என் கையில் வைத்தார். அந்த வாரம் எங்கள் வீட்டில் அரிசி வாங்கியது அந்தக் காசில்தான்.