மீன் தொட்டியில் வைக்கும் செடி எல்லாம் அழுகிவிடுகிறது, எனக்குக் கைராசி இல்லையா? நேரமில்லாதவர் எந்தச் செடி வாங்கலாம்?

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, முதலில் அந்த எண்ணத்தை விடுங்கள். வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு மேல் வீடு சேர்கிறவர், இரண்டடித் தொட்டி, கடையில் பளிச்சென்று இருந்த சிவப்புச் செடியை வாங்கியிருப்பீர்கள், சரிதானே? அந்தச் சிவப்புச் செடிகளில் பெரும்பாலானவை பலமான விளக்கும் கரியமில வாயு சிலிண்டரும் கேட்கும். சாதாரணத் தொட்டியில் அவை கரைந்துபோனால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் வென்டி. இந்த மூன்றையும் வாங்குங்கள். விளக்கு மங்கலாக இருந்தாலும், தண்ணீர் நம் ஊர்ச் சூட்டில் 28, 29 டிகிரிக்குப் போனாலும் தாங்கும். ஜாவா ஃபெர்ன் பெயரில்தான் ஜாவா, மலேசியக் காட்டு ஓடைப் பாறைகளிலும் தானாக வளர்கிற செடி அது.

ஆனால் சாகாத செடியையும் நாமே கொன்றுவிடலாம். நான் கொன்றிருக்கிறேன்.

கோலாலம்பூர் செந்தூலில் பதின்மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அம்மா நடைபாதையில் 11 வருடம் வளர்த்த கறிவேப்பிலையும் துளசியும் இருந்தன. வெள்ளிக்கிழமை சாயந்திரம் நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியது, சனிக்கிழமை காலையில் ஒரு பூந்தொட்டியைக்கூடக் காணோம். தீப்பிடித்தால் ஓட வழி வேண்டும் என்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஒரு வாரம் தவணை கொடுத்திருந்தால் அத்தை வீட்டுக்காவது கொண்டுபோயிருப்போமே? அம்மா அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. வீட்டுக்குள் பச்சையாக ஏதாவது இருக்கட்டும் என்றுதான் மீன் தொட்டியில் செடி வைக்க ஆரம்பித்தேன்.

முதலில் அனுபியாஸ். 12 ரிங்கிட் கொடுத்து வாங்கி, செடி என்றால் நட வேண்டும்தானே என்று மணலில் நன்றாகப் புதைத்தேன். இரண்டு வாரத்தில் அடி அழுகி நாற்றம் வந்தது. அனுபியாஸுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் இஞ்சி மாதிரிப் படுத்து வளரும் தடித்த தண்டு ஒன்று உண்டு, இலையும் வேரும் அதிலிருந்துதான் கிளம்பும். அதைப் புதைக்கவே கூடாது. கல்லிலோ மரத்துண்டிலோ தையல் நூலால் கட்டிவிடுங்கள், வேர் தானே பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது கிரிப்டோகோரைன், இதை மண்ணில்தான் நட வேண்டும். ஐந்தாம் நாள் இலை எல்லாம் கண்ணாடி போலாகிக் கூழாகிவிட்டது. செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்தேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் தொட்டி ஓரத்தில், மணலில் தங்கிவிட்ட ஒரு துண்டு வேரிலிருந்து பழுப்பு நிறத்தில் சின்னதாக ஓர் இலை! கடைக்காரச் சீன அங்கிளிடம் போய்ச் சொன்னேன். "ஜாங்ஙான் புவாங்" என்றார் மலாயில், எறியாதே என்று. பண்ணையில் பெரும்பாலும் வேர் மட்டும் ஈரத்திலும் இலை காற்றிலும் இருக்கும்படி வளர்க்கிறார்களாம். தண்ணீருக்குள் முழுக்க மூழ்கியதும் பழைய இலை உதிர்ந்து புது இலை வரும், அதுவரை வேர் உயிரோடுதான் இருக்கும். இதை விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனை பேர் உயிருள்ள செடியைக் குப்பையில் போட்டார்களோ!

விளக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். கூடினால் பாசி பிடிக்கும், அதுவும் மெதுவாக வளரும் அனுபியாஸ் இலையில்தான் முதலில் படியும். ஜன்னல் வெயில் படும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள். குழாய்த் தண்ணீர் மாற்றும்போது குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள், அது மீனுக்காக.

அழகுத் தொட்டி போடுகிறவர்கள் 'இது வெறும் பச்சைதானே' என்று சண்டைக்கு வர வேண்டாம். கேட்டவர் போட்டிக்கா போகிறார்?

மலிவாகக் கிடைக்கிறது என்று கபொம்பா என்ற செடியை மட்டும் வாங்காதீர்கள். வெளிச்சம் போதாமல் உதிர்ந்து தொட்டியே குப்பையாகும். வெட்டியதை ஓடையில் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி பகாங்கில் சினி ஏரியில் எப்படி மண்டியது என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என் ஜாவா ஃபெர்ன் இலை நுனிகளில் இப்போது குட்டிச் செடிகள் நிறைய வந்திருக்கின்றன. செந்தூல் பக்கம் வருவதாக இருந்தால் சொல்லுங்கள், பிரித்துத் தருகிறேன். காசு வேண்டாம், மூடி போட்ட டப்பா ஒன்று கொண்டுவாருங்கள்.