மண் நிரவ கார்டன் டிராக்டருக்கு முன் பிளேடு வாங்கலாமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் சுமார் 100 சதுர மீட்டர் இடத்தில் 10 செ.மீ. உயரத்துக்கு மண் கொட்டிப் பரப்ப வேண்டும். புல் வெட்டுவதற்கு வாங்கிய சின்ன டிராக்டர் ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் மாட்டுகிற, மண் தள்ளும் 48 அங்குல பிளேடு வாங்கினால் வேலை முடியுமா? டிராக்டர் தாங்குமா?

பதில்: முதலில் டிராக்டரின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். மண்ணில் இறங்கி வேலை செய்கிற கருவிகளை மாட்டலாமா, கூடாதா என்று அதிலேயே எழுதியிருக்கும். கூடாது என்று இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். பின் அச்சோடு சேர்ந்த கியர்ப்பெட்டி போனால் வாரன்டியும் கிடைக்காது, அதை மாற்றுகிற செலவு பிளேடின் விலையைவிடப் பல மடங்கு வரும்.

புல் வெட்டுகிற டிராக்டரும், மண் வேலையும் தாங்குகிற கார்டன் டிராக்டரும் தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். பொதுவாக, புல் வெட்டும் டிராக்டரில் சக்கரம் அச்சுத் தண்டில் செருகப்பட்டு, நுனியில் ஒரு சின்ன கிளிப்பில் நிற்கும். கார்டன் டிராக்டரில் காரில் இருப்பது போலச் சக்கரத்தைச் சுற்றி போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அதற்கு ஏற்றபடி சேசிஸ் தகடும் தடிமனாக இருக்கும், முன் அச்சு வார்ப்பிரும்பாக இருக்கும். குதிரைத்திறனைப் பார்த்து ஏமாற வேண்டாம். மண் தள்ளுவதற்கு எடையும் பிடிமானமும்தான் வேண்டும்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். 100 சதுர மீட்டருக்கு 10 செ.மீ. என்றால் 10 கன மீட்டர். தளர்வான மண் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.3 டன் என்று வைத்தால், மொத்தம் 13 டன். 48 அங்குல பிளேடு முன்னால் சேர்த்துத் தள்ளக்கூடிய மண் ஒரு தடவைக்குச் சுமார் 0.1 கன மீட்டர்தான், அதாவது 130 கிலோ அளவு. ஓரத்தில் வழிந்து போவதைக் கணக்கில் சேர்க்காமலேயே குறைந்தது 100 முறை முன்னால் தள்ளி, 100 முறை பின்னால் வர வேண்டும். கார்டன் டிராக்டராக இருந்தால், நேரம் எடுத்துப் பொறுமையாகச் செய்தால், இது முடிகிற வேலைதான். புல் வெட்டும் டிராக்டருக்கு இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், ஒரு முறை மட்டும் செய்யப்போகிற வேலை என்றால் பிளேடே வாங்காதீர்கள். சின்ன லோடர் ஒன்றை ஆளோடு ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். ஆண்டுதோறும் பாதை சரிசெய்வது, சரளை தள்ளுவது, எரு பரப்புவது என்று வேலை இருப்பவர்களுக்குத்தான் பிளேடு கட்டுப்படியாகும்.

வாங்குவதாக முடிவு செய்தால், லாரி வரும்போதே பாதி வேலையை மிச்சப்படுத்தலாம். மண்ணை ஒரே குவியலாகக் கொட்ட விடாதீர்கள். இடத்துக்குள் லாரி வர முடியுமானால் சில மீட்டர் இடைவெளி விட்டுச் சின்னச் சின்னக் குவியல்களாகக் கொட்டச் சொல்லுங்கள். முன் பிளேடு பரப்பத்தான் லாயக்கு. மண்ணைத் தொலைவுக்குக் கொண்டுபோகவும் அதற்கு வராது, இறுகிக் கிடக்கிற தரையை வெட்டவும் வராது. குவியலின் நடுவில் வேகமாகப் போய் முட்டக் கூடாது. ஓரத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுங்கள். பிளேடைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் மண் ஒரு பக்கமாக வரப்பு போல ஒதுங்கிக்கொண்டே போகும், டிராக்டருக்கும் பாரம் குறையும். தரை இறுகியிருந்தால் முதலில் ரோட்டவேட்டர் விட்டுக் கிளறிவிட்டு அப்புறம் தள்ளுங்கள்.

பின் சக்கரம் வழுக்கினால் எடை கட்ட வேண்டும் என்பார்கள். கட்டலாம், சக்கரத்தில் எடைத் தட்டு மாட்டலாம், வரி வரியாகப் பல் உள்ள டயரும் போடலாம். ஆனால் கையேட்டில் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். பாரம் மிஞ்சும்போது சக்கரம் வழுக்குவதால்தான் கியர்ப்பெட்டி தப்பிக்கிறது. வழுக்கவே வழியில்லாமல் செய்துவிட்டால் அந்த அழுத்தம் முழுவதும் உள்ளே போகும். ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டி (கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டுவது) என்றால் இன்னும் கவனம் வேண்டும். பாரத்தோடு தொடர்ந்து தள்ளும்போது அதன் எண்ணெய் சூடாகி, இழுவை குறைந்துகொண்டே வரும். அப்படித் தெரிந்தால் நிறுத்தி ஆற விடுங்கள்.

கேள்வி: எவ்வளவு முயன்றாலும் தரை அலை அலையாகத்தான் வருகிறது. பிளேடு சரியில்லையா?

பதில்: பிளேடில் குறை இல்லை. அது மாட்டியிருக்கிற இடம்தான் காரணம். முன் சக்கரங்களுக்கும் முன்னால் பிளேடு இருக்கிறது. சக்கரம் ஒரு சின்ன மேட்டில் ஏறினால் பிளேடு அதைவிட அதிகமாக மேலே தூக்கும், அங்கே மண் கூடுதலாக விழும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பிளேடு முனை குத்தி இன்னொரு பள்ளம் தோண்டும். இரண்டு நொடி கழித்து அதே சக்கரம் பிளேடு உண்டாக்கிய அந்த மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும். இப்படி ஒரு அலை அடுத்த அலையைப் பெற்றுக்கொண்டே போகும். பிளேடை ஏற்றி இறக்குகிற லிவரைத் தூக்கித் தூக்கி இறக்கிச் சரிசெய்யப் பார்த்தால் இன்னும் மோசமாகும்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, பிளேடின் அடியில் இருக்கிற சறுக்குக் காலணிகளை (தரையில் உரசிச் சறுக்கும் தட்டைக் கால்கள்) கொஞ்சம் இறக்கி வைத்து, பிளேடு தன் பாட்டில் ஏறி இறங்கும்படி விட்டுவிட்டு, மெதுவாகப் பின்னால் வாருங்கள். முன்னால் தள்ளும்போது கிடைக்காத சமன் பின்னால் இழுக்கும்போது கிடைக்கும். சக்கரத் தடங்களும் மூடிவிடும். இன்னொன்று, கடைசிக் கட்டத்தில் முன்பக்க பிளேடையே மறந்துவிட்டு, பின்னால் பரம்பு கட்டி இழுங்கள். கனமான ஒரு இரும்புச் சட்டத்தைச் சங்கிலியில் கட்டினாலே போதும். குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து தடவை ஓட்டினால், மேட்டைச் சீவிப் பள்ளத்தில் தானே நிரப்பும். நான் பார்த்தவரை, விலை கூடிய பிளேடு வாங்கியவர்களைவிடப் பரம்பு கட்டியவர்களின் தரைதான் நன்றாக வந்திருக்கிறது. கையில் காசு கூடுதலாக இருந்தால் பின்னால் மாட்டுகிற பெட்டி பிளேடு (இரு பக்கமும் அடைத்த பெட்டி போன்ற பிளேடு) பரப்புவது, சமன் செய்வது இரண்டையும் ஒழுங்காகச் செய்யும்.

கேள்வி: பழைய பிளேடு ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. என்ன பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: பிளேடோடு அதை டிராக்டரில் பொருத்துகிற அடிச்சட்டமும் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். அந்தச் சட்டம் மாடலுக்கு மாடல் வேறு. அது இல்லாமல் பிளேடு மட்டும் வாங்கிவந்து, தனியாகச் சட்டம் தேடி அலைவது வீண். சட்டம் வண்டியின் அடி வழியாகப் பின் அச்சுப் பக்கம் வரை நீண்டிருந்தால் நல்லது. தள்ளுகிற பாரம் அங்கே போய்ச் சேரும். முன்னால் மட்டும் போல்ட் போட்டு நிற்கிற வகை மண் வேலைக்குச் சரிவராது.

பிறகு பிளேடைத் திருப்புகிற மூட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். மூட்டில் செருகியிருக்கிற இரும்பு ஆணி தேய்ந்திருந்தால் புது ஆணி போட்டுக்கொள்ளலாம். ஆணி போகிற துளையே நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் முடிக் கோடாக வெடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும். அடி விளிம்பில் இருக்கிற தேய்மானப் பட்டை தனியாக போல்ட் போட்டதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் தேய்ந்தபின் திருப்பியோ புதிதாகவோ மாட்டலாம்.

பிளேடின் பின்னால் பெரிய ஸ்பிரிங்குகள் இருக்கும். கல்லிலோ வேரிலோ மோதினால் பிளேடின் அடி பின்னால் மடங்கி, அதன் மேல் ஏறித் தாண்டி, மறுபடி நேராக நிற்க வேண்டும். பாரமான மண்ணைத் தள்ளும்போதும் இது மடங்கிவிடுகிறது என்று சிலர் ஸ்பிரிங்குக்குப் பதில் இரும்புக் கம்பி வைத்து வெல்டு செய்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பிளேடை வாங்கவே வாங்காதீர்கள். அதன் சட்டம் எத்தனை மோதல்களைத் தாங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: மழை விட்டதும் பரப்பலாமா? தண்ணீர் வடிய எவ்வளவு வாட்டம் (சரிவு) விட வேண்டும்?

பதில்: ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருட்டி விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். பிசுபிசுவென்று உருண்டையாகவே நின்றால் காய விடுங்கள். ஈரமான களிமண்ணில் டிராக்டர் ஓடினால் அடிமண் இறுகிப்போய், பிறகு தண்ணீரும் இறங்காது, செடியும் வராது.

வாட்டம் மீட்டருக்கு 2 செ.மீ. இருந்தால் தண்ணீர் நிற்காது. வீட்டுச் சுவரை ஒட்டிய முதல் 3 மீட்டர் தூரத்தில், சுவரில் இருந்து வெளியே சரியும்படி, மீட்டருக்கு 5 செ.மீ. வரை விடுங்கள். முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய குழாய் மட்டம்) பார்த்துக்கொண்டே செய்யுங்கள், கண் மதிப்பு பெரும்பாலும் ஏமாற்றும். தளர்வாகக் கொட்டிய மண் நாளாக நாளாக அமுங்கும், அதனால் கொஞ்சம் உயர்த்தியே பரப்புங்கள். மரத்தின் அடித்தண்டை மட்டும் மண்ணால் மூடாதீர்கள், பட்டை அழுகிவிடும். சரிவில் ஓட்டும்போது மேலும் கீழுமாகவே போங்கள், குறுக்கே வேண்டாம். 15 டிகிரிக்கு மேல் சரிவு இருந்தால் அந்தப் பகுதியை மண்வெட்டிக்கு விட்டுவிடுங்கள்.